ஒரகடத்தில் பாட்டை நிறுத்தியவர்

நான் போன நகரச் சுற்றுலாக் கழகத்தின் காஞ்சிபுரம் பஸ்ஸில் வழிகாட்டியாக வந்த அம்மாளுக்குக் கனத்த கண்ணாடி, கரகரத்த குரல். மைக்கில் கைக்குட்டை சுற்றித்தான் பேசுவார். கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் வந்ததும், டிரைவர் போட்டிருந்த பாட்டை அம்மாளே நிறுத்தினார்.

"எதிர்ல கம்பெனி பஸ்ல தூங்கிகினு போவுதே புள்ளைங்க, நைட் ஷிப்ட் முடிச்சவங்க. நாம உக்காந்துகினு வர்ற மாதிரி வண்டியெல்லாம் செய்யற கை அது. அவங்களையும் பாருங்க."

முன்சீட்டிலிருந்த கழகத்து அதிகாரி திரும்பினார். "கோயிலப் பத்தி மட்டும் சொல்லும்மா. இதெல்லாம் சுத்திப் பாக்கற எடமா?"

"பேசக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க சார், நிறுத்திடறேன்."

அதிகாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரைவர் மறுபடி பாட்டைப் போட்டார். அடுத்த கம்பெனி வாசலில் அம்மாள் அதை மறுபடி நிறுத்தினார்.

அன்று கோயில்களில் அவர் சொன்ன கதை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.