றாபியா இரண்டாந்தரம் நிரப்பிய வினாக்கொத்து

சிசிலியா இரண்டாந்தரம் வினாக்கொத்தோடு வந்தபோது, றாபியா சிலாவத்துறையில் பாதி கட்டிய வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். வேலை போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

யுத்தம் முடிந்து புத்தளத்து முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய சனத்தில், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கப் போனவள் என்று றாபியாவை எல்லாரும் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். தற்காலிக விரிவுரையாளர்தான். இன்னும் ஓர் ஒப்பந்தம் கிடைத்தால் நிரந்தரமாகிவிடலாம் என்று நம்பியிருந்தாள்.

சிசிலியா மன்னார்த் தீவுக்காரி, அதே துறையில் நிரந்தர விரிவுரையாளர். பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கும் பெண்களிடையே எவ்வளவு ஒற்றுமை இருக்கிறது என்று அளப்பது அவளுடைய ஆய்வு. முதல்தரம், ‘எனக்கு அநீதி நடந்தால் சக பெண் விரிவுரையாளர்கள் எனக்காகப் பேசுவார்கள்’ என்ற வரிக்கு நேரே ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்று றாபியா யோசிக்காமலே அடையாளம் போட்டாள்.

பிறகுதான் காணி அளக்க வருகிறார்கள் என்று உம்மா அறிவித்தாள். இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணி. உரியவர் நேரில் நிற்காவிட்டால் எல்லைக்கல் எங்கே போகுமோ தெரியாது.

“நீர் போம். உம்மட வகுப்பை நான் பாக்கிறன். லீவுக் கடிதம் கிடிதம் ஒண்டும் வேண்டாம்” என்றாள் சிசிலியா.

அந்த வாய்ச்சொல்லை நம்பி றாபியா பஸ் ஏறினாள். சிசிலியா மறந்தே போனாள். மாணவர்கள் காத்திருந்துவிட்டுத் துறைத் தலைவரிடம் முறையிட்டார்கள்.

துறைக் கூட்டத்தில் தலைவர் றாபியாவைக் காய்ச்சி எடுத்தார். அவளிடம் காட்ட லீவுக் கடிதமும் இல்லை. சிசிலியா பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மற்றப் பெண்களுக்கும் விசயம் தெரியும். எல்லாருக்கும் திடீரென்று தேநீர்க் கோப்பைக்குள் ஏதோ வேலை வந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் விறாந்தையில் அவளைக் கட்டிப்பிடிக்க மட்டும் வரிசையாக வந்தார்கள். என்ன பாசம்! காணி மிஞ்சியது, ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை.

இப்போது கதிரை நுனியில் இருந்துகொண்டு சிசிலியா விளக்கினாள். அளவுகோல் சரியா என்று பார்க்க, அதே ஆட்களிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டுமாம். இரண்டு தரமும் பதில்கள் ஒத்துப்போக வேண்டுமாம்.

“அண்டைக்குப் போட்ட மாதிரியே போட்டுவிடும் றாபியா. இல்லாட்டி என்ர ஆய்வு குழம்பிப்போகும்.”

கூட்டத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மன்னிப்பு என்று வாய் திறந்திருந்தால் றாபியா அங்கேயே உருகியிருப்பாள். அவள் மனம் அப்படி. உம்மா வைத்த பிளேன்ரீ கோப்பையிலேயே ஆறிப்போனது. றாபியா பேனையை வாங்கி, அதே வரிக்கு நேரே ‘சிறிதும் உடன்படவில்லை’ என்பதில் அடையாளம் போட்டாள்.

“இதுதான் அக்கா சரி. முதல் போட்டதுதான் பிழை.”

சிசிலியா முகம் கறுத்துப்போய் மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

அடுத்த வருடம் ஆய்வு அச்சில் வந்தது. பதில்கள் ஒத்துப்போகாத ஒருவரை நீக்கிவிட்டதாக அடிக்குறிப்பில் சிறிதாகப் போட்டிருந்தார்கள். மிச்சப் பேரிடம் ஒற்றுமை மிக உயர்ந்த மட்டத்தில் இருந்ததாம்.