குடையும் பஸ்ஸும் படிக்கத் தெரிந்த வடிவு மேடம்

என் கைப்பேசியில் பெயர்கள் கிடையாது, படங்கள்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் மருமகள் அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். போன மாதம் ஒரு காலை, பால் பூத் வரிசையில் நிற்கும்போது குடைப் படம் வந்தது. குடை என்றால் சண்முகவடிவு மேடம்.

“சொல்லுங்க மேடம், கிட்வாய் நகர்ல மழையா?” என்றேன்.

“அங்கிள், நான் மீரா பேசுறேன்” என்றது அவர் மகளின் குரல். “அம்மா இன்னிக்கு விடியக்காலையில தவறிட்டாங்க.”

பின்னால் நின்றவர், “ஆகே படியே, பாய்சாப்” என்று முன்னால் நகரச் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகினேன்.

மேடத்தோடு வேலை பார்த்தவர்களும், அவர் கையால் காப்பி குடித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். தப்பு இருந்தால் என்னுடையது.

தில்லியில் ஓர் ஓவியக் காட்சிக்கூடத்தில் நான் ஏ.சி. பிளான்ட் வேலை பார்த்தேன். குழாய், மின்விசிறி, மொட்டைமாடி வடிகால் எல்லாம் என் பொறுப்பு. மேடத்துக்குப் பழுதான படங்களைச் சரிசெய்யும் வேலை. திருநெல்வேலிக்காரர். ஒரு படத்தைக் கொண்டுவந்தால் முதலில் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத் துணியை முகர்ந்து பார்ப்பார். “மூஞ்சியப் பாக்க ஆயிரம் பேரு வாராங்க அண்ணாச்சி. முதுகப் பாக்கதுக்குத்தான் எனக்குச் சம்பளம்” என்பார்.

ஒவ்வொரு கூடத்திலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உருளை சுழலும். அதில் சுற்றிய தாளில் ஒரு பேனா முள் வாரம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். திங்கள்கிழமை கூடத்துக்கு விடுமுறை. அன்று தாளை மாற்றுவோம். கோடு எங்கே ஏறியது, ஏன் ஏறியது என்பது மறந்துவிடக் கூடாது என்று நான் பென்சிலால் பக்கத்தில் சின்னச் சின்னப் படம் போட்டு வைப்பேன். மழை பெய்தால் குடை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, அவர்கள் மூச்சால் கூடம் புழுங்கினால் பஸ். மொட்டைமாடி ஏறிப் பார்த்தால் ஏணி. ஏ.சி. மெஷினைக் கூட்டி வைத்தால் ஒரு வட்டம்.

மேடம் வேலைக்கு வந்த புதிதில் ஒரு திங்கள்கிழமை அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு கோபமாக பிளான்ட்டுக்கு இறங்கி வந்தார். “சார்ட்டுல பொம்மை போட்டது ஆரு? இது என்ன பாலர் பள்ளியா?”

நான்தான் என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பழைய தாள்களையும் எடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவரே விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். “புதன்கிழமை ரெண்டு பஸ்ஸு. அடுத்து வட்டம். சாயங்காலம் கோடு எறங்கிட்டு. சரியா?”

சரி என்றேன். “எழுத்துப் படிக்கேளா, நான் சொல்லித் தாரேன்” என்றார். “இந்த வயசுல எதுக்குங்க மேடம், வெக்கமா இருக்குது” என்றேன். “அப்பம் நான் ஒங்க எழுத்தப் படிச்சுக்கிடுதேன்” என்று எழுந்து போய்விட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுவாரத் தாளில் என் குடைக்குப் பக்கத்தில் இன்னொரு குடை இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

படங்களைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. “ஒரு நாள் நனைஞ்சா படம் பொழைச்சுக்கிடும் அண்ணாச்சி. தெனமும் ஏறி ஏறி எறங்குச்சுன்னாதான் செத்துப்போகும்.” அதனால் என் வேலை குளிரவைப்பது இல்லை, கோட்டை ஆடாமல் வைப்பதுதான் என்று எனக்குப் புரிந்தது.

பிளான்ட்டில் தனியாக ஒரு ரிஜிஸ்டர் உண்டு. மணிக்கொரு தரம் ஈரத்தின் அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் ஷிப்டுக்கும் சேர்த்து, பிளான்ட்டில் என்னோடு இருந்த திவாரி பையாதான் எழுதுவார். கெட்டவர் இல்லை, அலுப்புக்காரர். காலையில் வந்ததும் சாயங்காலம் வரைக்கும் ஒரே மூச்சில் “பச்பன், பச்பன், பச்பன்” என்று ஐம்பத்தைந்தாகவே எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார். நான் வரைந்து பழகிய என் கையெழுத்தை அதன் கீழே போட்டுவிடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. அது என் தப்பு.

ஒரு மழைக்காலம், வடக்குக் கூடத்தில் பெரிய படம் ஒன்றின் முதுகில் பூஞ்சை பிடித்துவிட்டது. விசாரணை வைத்தார்கள். அதிகாரி ரிஜிஸ்டரை என் முன்னால் தள்ளினார். மூன்று நாள் அடைமழை பெய்தபோதும் அதில் ஐம்பத்தைந்துதான். கீழே என் கையெழுத்து.

“படோ” என்றார். படி.

வேலை நிரந்தரமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். பொய்க் கணக்கு எழுதியவன் என்று என்னை அனுப்பிவிடலாம். படிக்கத் தெரியாது என்று உண்மையைச் சொன்னாலும் அனுப்பிவிடலாம். நான் ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மேடம் கக்கத்தில் தாள் சுருளோடு உள்ளே வந்தார். யாரையும் கேட்காமல் மேஜை மேல் விரித்தார். இந்தியில்தான் பேசினார், ஆனால் திருநெல்வேலி ராகத்தில். குடையைக் காட்டி, இங்கே மழை என்றார். வட்டத்தைக் காட்டி, இங்கே மெஷினைக் கூட்டியிருக்கிறார், அப்படியும் கோடு இறங்கவில்லை என்றார். பிறகு ஏணி. மூன்று நாளும் ஏணி, ஏணிக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். “மேலே ஏறிப் பார்த்திருக்கிறார். வடிகால் அடைத்துச் சுவருக்குள் தண்ணீர் இறங்குகிறது. பக்கத்தில் இந்த மேஜை உங்கள் ஆபீஸ், மூன்று நாளும் வந்து சொல்லியிருக்கிறார். ஆள் அனுப்பவில்லை.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “இவருக்கு எழுதத் தெரியாதா?”

“எழுதித்தான் சார் இருக்கார்” என்றார் மேடம். “நமக்குத்தான் படிக்கத் தெரியலை.”

சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஊறிப்போயிருந்தது. என் வேலை பிழைத்தது. படத்தையும் மேடம் நான்கு மாதம் உட்கார்ந்து காப்பாற்றிவிட்டார். திவாரி பையாவுக்கு ஒரு மெமோ. அதற்குப் பிறகு அவர் மணிக்கொரு தரம் மூச்சு வாங்க ஏறி வந்து அளவு பார்த்து எழுதினார். “தேரே சாத்தே நே மார் டாலா” என்று என்னைத் திட்டுவார். உன் குடை என்னைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். திட்டிவிட்டு டீயும் வாங்கித் தருவார்.

மேடத்தின் காரியம் முடிந்து பத்து நாள் கழித்து மீரா என்னை வரச் சொன்னாள். தில்லியிலேயே பிறந்து, மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை செய்கிற பெண். காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவாள். சமையலறைக் காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தாள். கடைசி வருடம் மேடத்துக்குக் கை நடுக்கம், எழுத வராது. கட்டங்களில் எல்லாம் பென்சில் படங்கள்.

“ஒண்ணுமே சமஜ்ல வரலை, புரியலை அங்கிள்” என்றாள். “ஆனா சண்டே எல்லாம் பஸ் போட்டிருக்காங்க. வெளியே எங்கேயாவது போகணும்னு ஆசையா இருந்திருப்பாங்க. நான் கூட்டிட்டே போகலை.”

“இல்லம்மா” என்றேன். “பஸ்ஸுன்னா வெளிய போறது கிடையாது. ஜனங்க உள்ள வந்துட்டாங்க, கூடம் நெறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழம நீ வீட்ல இருந்தல்ல?”

“நான் ஒருத்திதானே இருந்தேன்?”

“அவங்களுக்கு அதுவே ஒரு பஸ்ஸு கூட்டம்.”

அவள் அழுது முடிக்கும் வரை இருந்தேன். பிறகு தை மாதத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு நான் படித்துச் சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. ஆடி மாதம் வந்தபோது மீராவே எனக்கு முந்திப் படித்தாள்.

காலண்டர் அவளிடம்தான் இருக்கிறது. எனக்கென்று நான் கேட்டு வாங்கியது மேடத்தின் கட்டைப் பென்சிலை மட்டும். கைப்பேசியில் குடையை அழிக்கவில்லை. அந்த எண்ணை இப்போது மீரா வைத்திருக்கிறாள்.

நேற்று அதிலிருந்து ஒரு படம் வந்தது. புதுக் காலண்டர், வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கட்டம். அதில் கோணல்மாணலாக ஒரு பஸ், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும், என்னுடையதைப் போலவே ஒரு மீசை. மருமகளைக் கூப்பிடாமல் நானே படித்துவிட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.