ஸ்கேல் வைத்து அளந்த தக்காளிச் செடி

மாடித் தொட்டியில் தக்காளி இலையைக் கிள்ளியதும் விரலில் ஏறிய பச்சை நெடி, என்னை வேப்பந்தட்டைப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்கே இழுத்துப் போய்விட்டது. ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு செடி. மதியச் சோற்றுத் தூக்கைக் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றுவோம்; வெள்ளிக்கிழமைதோறும் சார் மர ஸ்கேலோடு வந்து, வளர்ந்த உயரத்துக்கு மார்க் போடுவார், அது வருஷக் கடைசி மார்க்கோடு சேரும். கணக்கும் இங்கிலீஷும் என்னைக் கைவிட்டிருந்ததால், வியாழக்கிழமை சாயங்காலமே செடியடி மண்ணைச் சுரண்டியெடுத்துச் செடியை உயரமாக்கிக் காட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்ட விஞ்ஞானி நான்.

"ஒஞ்செடிக்கு மட்டும் என்னடா உரம் போடுற?"

"வெறுந் தண்ணிதாங்க சார்."

எனக்கு முதல் மார்க். பக்கத்துச் செடிக்காரி செல்விக்குக் கடைசி மார்க்; அவள் செடி குட்டை.

அளவெல்லாம் முடிந்த மறுவாரம், வேர் வெளியே தெரிய என் செடி சருகானது. குட்டைச் செடியில் ஒரு பழம் சிவந்திருந்தது. அதைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள் செல்வி.

"அழுவாத, தின்னுடா. ஒம் மார்க்க ஊறுகாயா போடப்போற?"

தின்றேன். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்தத் தோட்ட மார்க்கைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானி ஏழாம் வகுப்புக்குத் தாவிவிட்டார். அதே மார்க் குறைந்து செல்வி ஃபெயிலானாள். அப்புறம் அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.