நாரைப் பாட்டுக்கு நான் சொன்ன அர்த்தம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் யார் முன்னாலும் கைகட்டி நிற்காமல் பிழைக்கிறது. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

பெரிய மகனின் மகள் பாட்டு எழுதிப் பாடுகிறாள். ராக் பாட்டு. அவள் கிடார் வாசிப்பாள். அவள் சிநேகிதி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து டிரம்ஸ் அடிப்பாள். இன்னும் இரண்டு பேர் உண்டு. எங்கள் மாடி அறையில்தான் பழகுவார்கள். டிரம்ஸ் பெண் வந்ததும் நேரே அடுப்படிக்கு வருவாள். "ஆயா, இன்னா கொழம்பு?" என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பாள்.

பொங்கலுக்குத் தெருவில் விழா. நடத்தியவர் எங்கள் தெருமுனையில் லாட்ஜ் கட்டியிருக்கும் கட்சிக்காரர். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இவர்கள் நாரைப் பாட்டைப் பாடினார்கள். காது அடைக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் இருந்த வார்த்தைகள்:

நாரை வந்து நிக்குது, தண்ணி எங்க?
டைல்ஸ் தரையில மீன் தேடுது.

குழந்தைகள் ஒற்றைக்காலில் நின்று ஆடின. கட்சிக்காரரும் செருப்புக்காலால் தாளம் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. ஏரிக்குப் போகும் கால்வாயை மூடித்தான் அவருடைய லாட்ஜ் எழும்பியது. மழை வந்தால் அந்தத் தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வருகிறது, ஏரி காய்ந்து கிடக்கிறது. அந்த நாரை நாங்கள்தான்.

எனக்கா புரியாது? கல்யாணமான புதிதில் நடவுக்குப் போவேன். நிலக்காரர் வரப்பில் குடை பிடித்து நிற்பார். அவரைத்தான் நடவுப் பெண்கள் மொட்டை மாடு என்று பாடுவார்கள், எத்தனை காணி மேய்ந்தாலும் வயிறு நிறையாத மாடு. அவர் சிரித்துக்கொண்டே, "இன்னொரு தரம் பாடுங்கடி" என்பார். முதல் நாள் நான் விவரம் தெரியாமல், "அது யாரு மாடு?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த கிழவி சேற்றுக்குள்ளேயே என் காலை ஓங்கி மிதித்தாள். அதற்கப்புறம் நாற்பது வருஷம் நட்டேன். ஒருத்தருக்கும் ஒரு பாட்டுக்கும் அர்த்தம் சொன்னதில்லை.

விழாவுக்கு மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி ஆரம்பித்தாள்.

"உன் பேத்தி இன்னா கத்து கத்துது! பல்லு புடுங்கும்போதுகூட நான் அப்படிக் கத்தல. நாரையாம், மீனாம். ஒண்ணாங் கிளாஸ் பாட்டா அது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மண்டையில எதுனா இருந்தா புரியும். டைல்ஸ் தரை எதுடி? கால்வாய மூடி எவன் லாட்ஜ் கட்னான்? அவனையே எதிர்ல ஒக்கார வச்சிக் கேட்டிருக்கா என் பேத்தி. அவனும் தலையாட்டிக்கினு கேட்டான்."

எனக்கு இரண்டு ஆள் முன்னால் கட்சிக்காரரின் தம்பி மனைவி பையோடு நின்றிருந்தாள். அவளைப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். பார்த்தேன். பார்த்த பிறகு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அன்றைக்கு என் காலை மிதிக்க ஆள் இல்லை.

சாயங்காலமே அவருடைய ஆள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பாட்ட எடுத்துடுங்க. வாழ வேண்டிய பொண்ணு" என்றார். பேத்தி போனில் போட்டிருந்த பாட்டை அழித்தாள். அடுத்து பாடக் கூப்பிட்டிருந்த இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். "அர்த்தம் எங்க நாலு பேருக்குத்தான் தெரியும். யாரு போய் சொன்னது?" என்றுதான் புழுங்கினாள். டிரம்ஸ் பெண்ணின் அப்பா அந்த லாட்ஜில்தான் மேனேஜர். அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பாகிட்ட நீதான சொன்ன? சத்தியம்லாம் பண்ணாத. இனிமே இங்க வராத."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆயாவுக்கு ராக் பாட்டில் என்ன தெரியும் என்று நினைத்திருப்பாள். எனக்கு அது ரோஷமாக இருந்தது; வசதியாகவும் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மாசி பாதி போய்விட்டது. அந்தப் பெண் வருவதில்லை. அவளுடைய குச்சி இரண்டும் மாடியில் ஜன்னல் ஓரம் கிடக்கிறது. தப்பு செய்தால் தானாக வந்து ஒப்புக்கொள்ளணும் என்று ஐந்து பிள்ளைகளையும் அடித்து வளர்த்தவள் நான். அந்தக் குச்சியைத் தாண்டித்தான் தினமும் துணி உலர்த்தப் போகிறேன்.

பேத்தி எதிரே உட்கார்ந்து கிடாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்க வாம்மா. ஆயா எழுதனத படிச்சிக் காட்டு. சத்தமா படி. நடுவுல நிறுத்தாத. முடிச்சதும் அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு என் கையில குடு."