அந்தரத்தில் நின்ற கை

போன வருடம் ஆடி மாதம், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. மலையில் ஆடிக்காற்று அடித்தால் எங்காவது ஒரு கிளை முறிந்து கம்பி மேல் விழும், கரண்ட் போய்விடும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். ஆனால் அந்த வருடக் காற்று என் மனைவியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சைகை மொழியில்தான் பேசுவாள். காது கேளாதோர் பள்ளியில் படித்து, பிறகு சைகை மொழி கற்பிக்கிற படிப்பும் முடித்தவள். நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளிடம் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் என் சைகை படு கொச்சையாக இருக்கிறது என்று கேலி செய்வாள். நான் இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு அப்போது இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

அவள் படிப்புக்கு ஏற்ற வேலை மலைக்குக் கீழேதான் கிடைக்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் இறங்கி ஏறுவது நடக்காத காரியம். வந்த வாய்ப்புகளை ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது ஒன்றும் நடக்காததுபோல் டீ போட்டுக்கொடுப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் காது கேளாத குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாடம் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தே வேலை. தேர்வுக்கு, சில குழந்தைகளுக்கு ஆன்லைனிலேயே ஒரு வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். முதல் தடவை என் போனிலேயே எடுத்தாள். போனின் சின்னத் திரையில் குழந்தைகள் ஒவ்வொருவரும் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தார்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பாதியில் நின்றுவிட்டது. தேர்வு நடத்திய மேடம், அவரும் காது கேளாதவர்தான், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லி மெசேஜ் அனுப்பினார். அதற்கு மேல் வாய்ப்புத் தர முடியாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்.

எங்கள் கடை முதலாளி பில் போட்டுக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். அதில் கேமரா கிடையாது. ஆலங்காயத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் நண்பன்தான் வழி சொன்னான். போனில் ஒரு ஆப், கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம். இரண்டும் வீட்டு வைஃபையில் இருந்தால் போன் எடுக்கிற படம் வயர் இல்லாமலே கம்ப்யூட்டருக்குப் போய்விடும். போனையே கேமராவாக வைத்துக்கொள்ளலாம்.

வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவின் போனை வாங்கி, அதில் அவன் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் மாட்டி, ஆப் காட்டிய எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டேன். படம் வந்தது. ஆனால் அவள் கையை அசைத்தால் ஒரு கைக்கு மூன்று கை தெரிந்தது. சைகையில் பேசுகிறவருக்கு அது வாய் குழறுவது மாதிரி. படத்தின் தரத்தை ஏற்றினால் சரியாகும் என்று ஏற்றினேன், இன்னும் மோசமானது. "ஏத்தாதடா, இறக்கு. போனை வைஃபை டப்பா பக்கத்துல கொண்டாந்து வை" என்றான் நண்பன். இறக்கினேன். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் திரையில் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கைகள் எடுப்பாகத் தெரிய அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு கருநீலப் போர்வையைக் கட்டி, இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி, அதன்மேல் ரப்பர் பேண்டால் போனைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தோம்.

அன்று இரவு கரண்ட் போனது. காலையில்தான் வந்தது.

எழுந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டால், கேமரா கிடைக்கவில்லை என்கிறது. வகுப்புக்கு அதிக நேரம் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, அவர் போனை வாங்கி நண்பனுக்குப் போட்டேன்.

"கேமராவே இல்லன்னுதுடா."

"நைட்டு கரண்ட்டு போச்சா?"

"போச்சு. இப்பதான் வந்துச்சி."

"அப்ப வைஃபை டப்பா அணைஞ்சி திரும்ப வந்திருக்கும். உன் போனுக்கு வேற நம்பர் குடுத்திருக்கும். அந்த ஆப்ல மேல இன்னா நம்பர் காட்டுது பாரு. கம்ப்யூட்டர்ல நேத்து போட்ட நம்பர அழிச்சிட்டு இத போடு."

பார்த்தேன். கடைசி எண் மாறித்தான் இருந்தது. புதிய எண்ணைப் போட்டதும் படம் வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. "போன சார்ஜ்ல போட்டுக்கோ" என்று அவன் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் இருந்த பிளக் எல்லாம் கம்ப்யூட்டருக்கும் வைஃபைக்கும் மேஜை விசிறிக்கும் போய்விட்டன. ஒரு வகுப்புக்குத் தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பு தொடங்கியது. நான் கேமராவில் படாமல் ஓரமாக நின்றுகொண்டேன். பலாமரத்தைப் பற்றிய பாடம் அது. திரையில் காய்த்துத் தொங்கும் ஒரு பலாமரத்தின் படத்தைக் காட்டிவிட்டு, பழத்தின் முள்ளை, உள்ளே இருக்கும் சுளையை, கையில் ஒட்டும் பாலை என்று ஒவ்வொன்றாகக் கையாலும் முகத்தாலும் சொல்லிக்கொண்டே போனாள். பால் ஒட்டிய விரல்களைப் பிரிக்க முடியாமல் அவள் தவித்தபோது குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எனக்கு அந்த நிமிடமே வேலை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு மரம் எவ்வளவு உயரம் என்று காட்ட வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, வாயை ஆவென்று திறந்தாள். திரையில் ஒரு பையனும் கையைத் தூக்கி வாயைத் திறந்தான். பிறகு ஒரு பெண். பிறகு எல்லோரும். நன்றாகத் திருப்பிச் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் மனைவி கையை இறக்கினாள். அவர்கள் இறக்கவில்லை. இவள் அடுத்த சைகையைச் செய்தாள். அவர்கள் அப்படியே, தூக்கிய கையும் திறந்த வாயுமாக அசையாமல் இருந்தார்கள். ஒரு குட்டிப் பெண்ணுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் மனைவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அங்கே அவள் படம் உறைந்துபோயிருக்கிறது. கை அந்தரத்தில் நிற்கிறது. அதைத்தான் குழந்தைகள் செய்து காட்டுகிறார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் பாய்ந்து, "மேடம், ஒரு நிமிசங்க, நெட்டு நின்னுடுச்சிங்க, தோ வந்துடும்ங்க" என்று சத்தமாகச் சொன்னேன். யார் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் காது கேட்காது. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அடுத்ததாக என் கை போனது கம்ப்யூட்டர் ஸ்விட்சுக்கு. அணைத்துப் போட்டால் சரியாகும் என்று ஒரு பதற்றம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் அணைந்தால் மறுபடி எழுந்துவர ஒரு யுகம் ஆகும் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, போனைப் பார் என்று காட்டினாள். பார்த்தேன். போன் திரை கருத்துக்கிடந்தது.

இரவெல்லாம் கரண்ட் இல்லாததால் போன் முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கவில்லை. சார்ஜ் குறைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதுவே திரையை அணைத்து, ஆப்பையும் நிறுத்திவிட்டது. நான் அதை எழுப்புவதற்குள் அவள் மீட்டிங்கில் எழுதிப் பேசும் இடத்தில், 'என் படம் நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுங்கள்' என்று டைப் செய்துவிட்டாள். அதோடு விடவில்லை. 'அதுவரை அந்த மரத்தில் எத்தனை பழம் என்று எண்ணி வையுங்கள்' என்றும் எழுதினாள். குழந்தைகள் எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

நான் விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் சொருகினேன். வயர் எவர்சில்வர் டப்பா வரைக்கும் எட்டவில்லை. போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டேன். பேட்டரி சேமிப்பை அணைத்து, ஆப்பை மறுபடி ஓடவிட்டேன். அப்போதும் படம் வரவில்லை. அவளே மீட்டிங்கில் கேமராவை ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பத் தேர்ந்தெடுத்தாள். வந்தது. திரை முழுக்கக் குழந்தைகள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். காது கேளாதவர்கள் கை தட்டுவது அப்படித்தான். பழத்தின் எண்ணிக்கையில் அவர்களுக்குள் ஒரு சண்டை. அதைத் தீர்த்துவைப்பதே மீதிப் பாடமாகிவிட்டது.

கடைசி வரைக்கும் நான் முட்டி போட்டபடியே போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். முடிந்ததும் மேடம் ஏதோ கேட்டார். இவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டாள். படம் ஏன் மலைப் பாதையில் பஸ் போகிற மாதிரி ஆடியது என்று கேட்டாராம். வேர்த்து விறுவிறுத்துப்போன முகத்தோடு, ஒரு கையால் எனக்குத் தெரிந்த சைகையில் வணக்கம் சொன்னேன். என்ன தப்பாகச் செய்தேனோ, எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வந்தால் பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னாப்பா, வூட்ல அவ்ளோ சத்தம்? நீ யார்கிட்ட சண்ட போட்ட?"

"சண்ட இல்லக்கா. வகுப்பு நல்லபடியா முடிஞ்சிச்சி."

"அதுக்கு ஏன் உனுக்குக் கண்ணு கலங்குது?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையை என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் மேடத்திடமிருந்து மெசேஜ் வந்தது. வேலை உறுதி. பாடம் நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தார். படம் நின்றபோதும் ஒரு குழந்தைகூட எழுந்து போகவில்லை, அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வெளியே காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

இந்த வீட்டுக்குக் காதும் வாயும் நான்தான், எதுவென்றாலும் நான்தான் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று எனக்குள் ஒரு பாரம் இருந்துகொண்டே இருந்தது. இப்போது எது கோளாறானாலும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்; அங்கே பதற்றம் இல்லையென்றால் எனக்கும் மூச்சு சீராகிவிடுகிறது.