ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

எங்கள் காருக்கு ஈரம் ஆகாது. மழை பெய்தால் நிற்கும். பனி பெய்தாலும் நிற்கும். இங்கிலீஷ்காரன் செய்த கார் அது. வருஷம் முழுக்க ஈரத்தில் கிடக்கிறவன் செய்த வண்டி ஈரத்துக்குப் பயந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்பேன். என் வீட்டுக்காரர் துணியை எடுத்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

சின்னக் காஞ்சிபுரத்து வக்கீல் ஒருவர் வைத்திருந்து, பார்வை குறைந்ததும் எங்களுக்குக் கொடுத்த வண்டி. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களையும் கோயில் பார்க்க வருகிறவர்களையும் ஏற்றித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதனால் எனக்கு அதன்மேல் கோபம் உண்டு, வெறுப்பு கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம். மாட்டுப் பொங்கல் அன்று முசரவாக்கத்தில் இருக்கும் என் தாய்வீட்டுக்குக் கிளம்பினோம். காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஏரிக்கரையில் வண்டி நின்றது. என் சித்தப்பா தன் எருதுகளை அனுப்பினார். கொம்புக்குச் சிவப்பும் நீலமும் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டிய எருதுகள். அவை இழுக்க, காருக்குள் நானும் என் பிள்ளைகளும் உட்கார்ந்து ஊருக்குள் போனோம். வழிநெடுக ஜனம் நின்று பார்த்தது. சித்தப்பா கட்சியில் ஏதோ பதவிக்கு வந்து புதுக்கார் வாங்கியிருந்த நேரம். அவர் என் வீட்டுக்காரரின் தோளில் தட்டினார்.

"மாப்ள, அடுத்த தபா ஊட்லயே மாட்டக் கட்டிக்கினு கௌம்பிடு. எனக்கு ஆள் அனுப்புற வேலை மிச்சம்."

கூட்டமே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் மட்டும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனேன்.

தை மாதக் கடைசியில் என் தம்பிக்குக் கல்யாணம். பெண் கூரத்தில். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை பெண் ஊருக்குப் போகவேண்டும். அக்கா கார்தான் வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். தன் புதுக்கார் சும்மாதானே நிற்கிறது என்றார் சித்தப்பா. கடைசியில் அவரே ஒரு முடிவு சொன்னார். விளக்கு வைப்பதற்குள் எங்கள் கார் முசரவாக்கத்து வாசலுக்கு வந்துவிட்டால் தம்பி அதில் போகலாம். வராவிட்டால் அவர் காரில் போகவேண்டும். எனக்கு அது போதும். அந்த வாசலில் என் வண்டி தன் காலால் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே நோயைக் கண்டுபிடித்திருந்தார். இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு உருண்டை இருக்கிறது. அதன் மூடியிலிருந்து நாலு ஒயர் கிளம்பி, பெட்ரோலைப் பற்றவைக்கும் நாலு பிளக்குக்குப் போகும். அந்த ஒயர்கள் வெடித்துப்போய், ஈரம் பட்டால் கரண்டு வழியிலேயே ஒழுகிவிடுகிறதாம். சென்னைக்குச் சவாரி போனபோது புதுப்பேட்டையில் புது ஒயர் வாங்கிவந்தார்.

"இது அந்த கம்பெனி ஒயரா மாமா?" என்று கேட்டேன். அவர் என் அத்தை மகன்தான்.

"அந்த ஒயரைக் கம்பெனிக்காரனே மறந்துட்டிருப்பான்மே. இது எவனோ பண்ணது. கறுப்பா இருக்குது, நீளமா இருக்குது. போதும்."

தை முழுக்க முகூர்த்தம். சவாரி விடவில்லை. மாப்பிள்ளை கிளம்பவேண்டிய அன்று மத்தியானம்தான் வண்டி எங்கள் வாசலில் ஓய்ந்து நின்றது. பழைய ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய இடத்தில் புதியதைப் போட்டிருக்கலாம். அவர் நாலையும் ஒரே பிடியில் பிடுங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "பழசப் பாத்துக்கினு இருந்தா புதுசு எப்பப் போடறது" என்றார்.

பக்கத்து வீட்டு நெசவாளி தறியை விட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்கே இரண்டு பேர் குனிந்து நின்றாலும் மூன்றாவதாக வந்து குனிவார். அவரிடம் பட்டு நூல் துண்டு வாங்கி, முதல் பிளக்கின் ஒயருக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்கு மஞ்சள், நாலாவதற்கு நீலம் என்று கட்டினார் என் வீட்டுக்காரர். மூடியில் முதல் ஒயர் போகும் ஓட்டைக்கு மட்டும் முன்பே குங்குமம் வைத்திருந்தார். ஒவ்வொரு ஒயரையும் அதனதன் அளவுக்கு வெட்டினார். பிறகு குங்கும ஓட்டையில் தொடங்கி, "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே சுற்றிவரச் செருகினார்.

"இது எந்த ஊர்க் கணக்கு தம்பி?" என்றார் நெசவாளி.

"இன்ஜின் கணக்கு. இந்த வரிசைலதான் வெடிக்கும்."

"ஸ்கூலு பக்கம் போயிருந்தா ஒழுங்கா எண்ணிருப்ப."

ஸ்டார்ட் செய்தார். வண்டி எழுந்தது. எழுந்து, காய்ச்சல்காரன் மாதிரி உதறியது. பின்னால் டமால் என்று ஒரு வெடி. எதிர்வீட்டு நாய் சாக்கடையைத் தாண்டி ஓடியது. இன்னொரு வெடி. அப்புறம் அணைந்துபோனது.

"பாகுந்தி, நல்லாத்தான் இருக்குது," என்றார் நெசவாளி. "மாப்பிள்ள அழைப்புக்கு வாணவேடிக்கை செலவு மிச்சம்."

மறுபடி, மறுபடி. பாட்டரியும் சோர்ந்துவிட்டது. வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதிக்கு ஏறியிருந்தது. எனக்குச் சித்தப்பாவின் எருதுகள் ஞாபகம் வந்தன. என் வீட்டுக்காரர் ஒயரைக் கழற்றித் துடைப்பார், அதே ஓட்டையில் திரும்பச் செருகுவார். அவர் மூஞ்சியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

"தொடச்சித் தொடச்சி இன்னாத்தக் கண்ட? உள்ள இன்னா நடக்குதுன்னு பாரு," என்று கத்தினேன்.

மூடியை எடுத்தார். உள்ளே ஒரு சின்னக் கை. அது சுற்றிச் சுற்றி ஒவ்வொரு ஒயருக்கும் கரண்டு கொடுக்கவேண்டும். அது சுற்றுகிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, முன்னால் போய் இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றினார்.

"சுத்துதா?"

"சுத்துது. நீ ஒயர எந்தப் பக்கமா சொருகின?"

"இன்னா கேள்வி இது? பிரதட்சணமாதான். வேற எப்பிடி?"

"இது எடமா சுத்துது மாமா."

அவர் நம்பவில்லை. நெசவாளியும் நம்பவில்லை. இந்த ஊரில் சாமி வலமாக வரும், தேர் வலமாக வரும், கற்பூரத்தட்டு வலமாகச் சுற்றும், வயிற்றுவலிக்காரன்கூட அரசமரத்தை வலமாகத்தான் சுற்றுவான். எதைச் சுற்றச் சொன்னாலும் எங்கள் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். அந்தப் பழக்கத்தில்தான் அவர் ஒயரையும் செருகியிருந்தார். எனக்கு மட்டும் ஏன் கண்ணில் பட்டது என்றால், முந்தின வாரம்தான் கோயிலில் கல் சுடுகிறதே என்று நிழலாக இருந்த பக்கம் திரும்பி நடந்து, குருக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நெசவாளி ஹேண்டிலைச் சுற்ற, என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ராகு கேதுவுக்குதாம்மா எடமா சுத்துவாங்க," என்றார் நெசவாளி மூச்சு வாங்கிக்கொண்டு.

"அப்ப இது ராகுன்னு வெச்சிக்கோ அண்ணா. ராகு வண்டி கௌம்பினா போதும்."

மறுபடியும் நாலையும் பிடுங்கப் போனவரின் கையைப் பிடித்தேன். சிவப்பு ஒன்றாவது, அது குங்குமத்தில் இருக்கிறது. நீலம் நாலாவது, நேர் எதிரில் இருக்கிறது. எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் அவை இரண்டும் அங்கேதான் வரும். மஞ்சளும் பச்சையும்தான் இடம் மாறவேண்டும். அவர் விரலை இடப்பக்கமாக நகர்த்திச் சரிபார்த்துவிட்டு, "ஆமாம்மே" என்றார். அந்த இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டார். அளவாக வெட்டியிருந்ததால் பச்சை எட்டவில்லை. இழுத்துப் பிடித்துச் செருகியதில், தறியின் பாவுநூல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

பாட்டரியை நம்பாமல் ஹேண்டிலையே போட்டுச் சுழற்றினார். ஒரே சுற்று. பிடித்துக்கொண்டது. உதறல் இல்லை, வெடி இல்லை. அந்த வண்டி அவ்வளவு சாதுவாக ஓடி நான் கேட்டதே இல்லை. நெசவாளி ஒன்றும் சொல்லாமல் தறிக்குப் போனார். அது எங்களுக்குப் பெரிய மரியாதை.

நாங்கள் போனபோது முசரவாக்கத்து வீட்டில் அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சித்தப்பாவின் புதுக்கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. தம்பி பட்டு வேட்டியோடு அதில் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எங்கள் ஹாரனைக் கேட்டதும் உள்ளே இருந்த காலும் வெளியே வந்தது.

சித்தப்பா எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "மாடு எங்க மாப்ள?"

என் வீட்டுக்காரர் அவருக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மாலையைப் புதுக்காரிலிருந்து எடுத்து எங்கள் காருக்குப் போட்டுக்கொண்டே சொன்னார், "பின்னாடி வரும் மாமா. நீங்கதான் ஓட்டிக்கினு வரணும்."

முதலில் சிரித்தது சித்தப்பாதான். அதையும் சொல்லவேண்டும். கூரம் வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தார்.

கூரத்தில் மேளத்தை முன்னால் விட்டு மெதுவாக ஊர்ந்தோம். கோயில் மூலை வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் தம்பியோடு உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்மே?"

"இதுக்கு வலம்தான் மாமா. திருப்பு."