பூச்சி என்ற சொல்

அக்டோபர் 26, ஞாயிறு, காலை பத்து மணி. ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றிய இணைய ஆய்விதழ் ஒன்று எனது கருத்துரை கேட்டுக் கட்டுரை அனுப்பியது. தருமபுரி வட்டாரத்தார் பொழுது சாய்ந்தபின் பாம்பைப் 'பூச்சி' என்பதை அது 'இனிய வழக்கு' என்கிறது.

படித்ததும் டிஞ்சர் வாடை மூக்கில் ஏறியது.

எனக்கு அப்போது எட்டு வயது. விளக்கு வைத்த நேரம். பாப்பிரெட்டிப்பட்டி மருந்தகப் பெஞ்சில் அக்கா கிடந்தாள். களத்தில் அவளைக் கடித்தது கட்டுவிரியன், நான் பார்த்தேன். காலில் தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"பூச்சி கடிச்சிருச்சுங்க" என்றார் அம்மா.

வெளியூரிலிருந்து வந்திருந்த கம்பவுண்டர் சிரித்தார். "பூச்சிக்கா இத்தனை பேரு? எறும்பு கடிச்சா ஊரே வருமா?" டிஞ்சர் தடவி அனுப்பிவிட்டார்.

"பாம்பு" என்று வாயெடுத்தேன். அப்பா பொத்தினார். "வெளக்கு வச்சப்பறம் பேரச் சொல்லாதடா. வூட்டுக்கே வந்துரும்."

அவர் கையை எடுத்த பிறகும் நான் சொல்லவில்லை. விடியுமுன் அக்கா இறந்தாள். அந்தச் சொல் மீதும் என் கீழ்ப்படிதல் மீதும் எனக்கு இன்றும் அருவருப்பே.

இன்னும் செய்யாதவை:
கட்டுரைக்குப் பதில் எழுதுவது.
அக்காவின் கல்லறைச் சிலுவையில் அழிந்த பெயரை எழுதுவிப்பது.
கடித்தது எதுவென்று அந்தக் கம்பவுண்டரிடம் சொல்வது.